மண்ணெண்ணெய்க் காரும் பல் டொக்டரும்

வாயைப் பிளந்து மல்லாந்து கிடப்பவனிடம் கேள்வி கேட்பது பல் வைத்தியர்களுக்கு உள்ள பொதுவான கெட்ட பழக்கம். மற்றவர்கள் "ஊரிலை மழையோ?", "மகள் என்ன படிக்கிறா?" என்று கேட்பார்கள். நாங்கள் "ஆ... ஆ..." என்போம். அவர்களும் விளக்கமான பதில் கிடைத்ததுபோலத் தலையாட்டுவார்கள். இந்த டொக்டர் கேட்டது வேறு.

"கூழ்ப் பக்கத்திலை நிண்டு சண்டை பிடிக்கிற ஆள் நீங்கள்தானே?"

என் நெஞ்சின்மேல் கிடந்த கைப்பேசியில் 'இணுவில் சிங்கம்' என்ற என் பயனர் பெயர் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கதிரையில் சாயும்வரை நான் போரில் இருந்தேன். சிங்கத்தின் கடைவாய்ப் பல்லுக்குச் சற்று முன்புதான் விறைப்பூசி போட்டிருந்தார்கள். சிங்கம் "ஆ" என்றது.

"நான்தான் அங்கை நடுவர்," என்றார், துளைக்கும் கருவியைச் சுழலவிட்டுக்கொண்டே.

முதல் நாள்தான் அந்த நடுவரைப் பற்றி "இவருக்குப் பல்லே இல்லை" என்று பேச்சுப் பக்கத்தில் எழுதியிருந்தேன். என் வலது கால் தன்பாட்டில் நீண்டு, கதிரையின் அடியில் இல்லாத பிரேக்கை மிதித்தது. தொழிலால் நான் வாகனம் ஓட்டப் பழக்குபவன். ஆபத்து எங்கிருந்து வந்தாலும் என் கால்தான் முதலில் பதில் சொல்லும். மூளை பின்னால் சைக்கிளில் வரும்.

"பயப்பிடாதேங்கோ. கதிரையிலை கிடக்கிற ஆளோடை நான் எப்பவும் நடுநிலை," என்றார் அவர். அதன் பிறகு சத்தம் மட்டும் கேட்டது.

அவருடைய பெயரை எழுதவில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து சான்று கேட்பார். இப்போது அவர் வேறு நாட்டில், வேறு பாஷைக்காரரின் வாய்களுக்குள் கேள்விகளை இறக்கிக்கொண்டிருக்கிறார். டொக்டர் என்றே வைத்துக்கொள்வோம். என்னிலும் சில வயது இளைய பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடும் வகை.

இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், யாரும் அழிக்கலாம். ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் வாதாட ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. இந்த வசதியை யாழ்ப்பாணத்தார் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று கண்டுபிடித்தவர் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு கோயிலுக்கு இரண்டு நிர்வாகசபையும் ஒரு வழக்கும் வைத்திருக்கும் சனம் நாங்கள். வழக்கறிஞருக்குக் காசு கொடுக்காமல் வழக்காடலாம் என்றால் விடுவோமா?

என் வழக்கு, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் எங்கள் ஊர்க் கூழைப் பற்றியது. சைவக் கூழும் கூழ்தான் என்பது என் கட்சி. வல்வெட்டித்துறையிலிருந்து 'சோளகன்' என்ற பயனர், மீன் இல்லாவிட்டால் அது கஞ்சி என்றார். நான் எழுத அவர் அழித்தார். அவர் எழுத நான் அழித்தேன். ஒரு கட்டத்தில் கூழைப் பற்றி எழுதுவதை இருவரும் விட்டுவிட்டு ஒருவரையொருவர் பற்றி எழுதத் தொடங்கினோம்.

அப்போதுதான் நடுவர் வந்தார். அவருடைய தீர்ப்பைப் பார்த்துவிட்டுத்தான் பல்லில்லாதவர் என்று எழுதினேன். ஏனென்றால் அதில் தீர்ப்பே இல்லை. இனிமேல் இணுவில் சிங்கம் மீன் கூழின் நியாயத்தை எழுதவேண்டும். சோளகன் சைவக் கூழின் நியாயத்தை எழுதவேண்டும். "ஓம், இதைத்தான் நான் சொல்லுறன்" என்று எதிராளி ஒப்புக்கொள்ளும்வரை திருத்தித் திருத்தி எழுதவேண்டும். அதுவரை பக்கத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

பல் அடைத்து முடிந்த பிறகு, பாதி விறைத்த வாயோடு வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன். என்ன மீன் போடுவது, நண்டை எப்போது போடுவது என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தேன். எழுத எழுதக் கை ஓடியது. மனைவி பின்னால் நின்று வாசித்துவிட்டு, "உண்மையைச் சொல்லுங்கோ. ஆரின்ரை வீட்டிலை சாப்பிட்டனீங்கள்?" என்றாள். கோயில் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

சோளகன் முதலில் அனுப்பியது ஒரே ஒரு வரி: "சைவக் கூழ் என்பது சந்தையில் மீன் முடிந்தபின் போனவர் வீட்டில் காய்ச்சப்படுவது." நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு அவரும் யாரையோ விசாரித்திருக்கிறார். விரதம் முடிந்த பின்னேரம், பலாக்கொட்டையும் பயற்றங்காயும் மரவள்ளியும் ஒடியல் மாவில் கொதிக்கும் மணம் என்று அவர் எழுதியனுப்பியதை வாசித்தபோது எனக்கே பசித்தது. "ஓம்" என்றேன். அவரும் என் நண்டுக்கு "ஓம்" என்றார். இரண்டும் இன்றைக்கும் பக்கத்தில் இருக்கின்றன. அதற்குப் பிறகு சண்டை போட ஆளில்லாமல் நான் சில நாள் வாடிப்போனேன்.

இந்த வித்தையை டொக்டர் இணையத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவருக்கு உலகம் முழுக்க ஒரே பேச்சுப் பக்கம்தான். ஒருமுறை பல் காட்டப் போன இடத்தில், என் அயல்வீட்டுக்காரன் வேலியை ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளிவிட்டதைச் சொன்னேன்.

"மற்றவர் என்ன சொல்லுறார்?" என்றார்.

"அவன் என்னத்தைச் சொல்லுறது, டொக்டர்? அவன் ஒரு விசரன்!"

"அதைத்தான் கேட்கிறன். விசரன் என்ன சொல்லுறார்?"

எனக்குத் தெரியவில்லை. தாத்தா காலத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பரம்பரைச் சொத்துப்போலக் கவனமாகக் காத்துவந்த பகை அது. போய்க் கேட்டேன். கேட்டதோடு அது கெட்டுப்போயிற்று. இப்போது அந்த விசரன் என் வீட்டில் பேப்பர் வாசிக்க வருகிறான், திருப்பிக் கொண்டுபோவதில்லை.

களஞ்சியத்தில் எழுதுகிற உள்ளூர்க்காரர் சிலர் அவ்வப்போது நகரத்தில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் கூடுவோம். சோளகனை நான் நேரில் கண்டது அங்கேதான். வல்வெட்டித்துறையில் படகு எஞ்சினுக்கு உதிரிப்பாகம் விற்கிற கடை வைத்திருப்பவர். நான் கற்பனை செய்துவைத்திருந்த மீசை அவருக்கு இல்லை. டொக்டர் கடையிலேயே பெரிய கோப்பையாக வாங்கிச் சாப்பிடுவார். பல் வைத்தியர் இனிப்புச் சாப்பிடலாமா என்று கேட்டதற்கு, "நான் சாப்பிட்டுக் காட்டினால்தானே நீங்கள் பயப்பிடாமல் சாப்பிடுவியள். பேந்து எனக்கும் வேலை வேணுமெல்லோ," என்றார்.

அந்தக் கடையில்தான் அவருடைய மறுபக்கத்தையும் கண்டேன். எங்கள் ஊர்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு நினைவுப் புத்தகம் அடித்து, சாப்பாட்டோடு எல்லோருக்கும் கொடுப்பார்கள். கல்வெட்டு என்பது அதற்குப் பெயர். கல்லில் வெட்டியதுபோல உறுதியாக, இறந்தவர் வள்ளல், அறிஞர், முன்னோடி என்று அதில் இருக்கும். கடன்காரனாக, கஞ்சனாக, மாமியோடு கதைக்காதவனாக வாழ்ந்த ஒருவருக்கும் இதுவரை கல்வெட்டு வந்ததில்லை. எங்கள் கட்டுரைகளின் சான்றுகளில் பாதி இந்தக் கல்வெட்டுகள்.

"கல்வெட்டிலை பிறந்த திகதியும் செத்த திகதியும் மட்டும் எடுங்கோ," என்பார் டொக்டர். "இடையிலை கிடக்கிறது பாயசம்."

"பிறந்த திகதியாவது சரியோ?"

"பள்ளிக்கூடத்திலை சேர்க்கேக்கை மாத்தாட்டில் சரி."

ஒருநாள் ஒரு மனிதர் தன் சிறிய தகப்பனாரின் கல்வெட்டோடு அங்கே வந்தார். சங்கீதத்தில் அவர்தான் ஊருக்கு முன்னோடி என்ற வரியை டொக்டர் நீக்கியிருந்தார். மனிதர் கதைத்துக் கதைத்து அழத் தொடங்கிவிட்டார். டொக்டர் கைப்பையிலிருந்து கடதாசிக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் முகம் துடைத்து முடியும்வரை பொறுத்திருந்தார். பிறகு அதே குரலில், "வேறை அச்சிலை எங்கையாவது வந்திருக்கோ?" என்று கேட்டார். மனிதர் எழுந்து போய்விட்டார். எங்கள் ஐஸ்கிரீம் எல்லாம் உருகியிருந்தது. "அந்த மனுசிக்கு நெஞ்சு இருக்கிற இடத்திலை ஒரு அடிக்குறிப்புத்தான் கிடக்கு," என்று சோளகன் என் காதில் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்ததை டொக்டர் பார்த்துவிட்டாரோ என்று அன்று முழுக்கப் பதறினேன்.

பிறகு வந்தது மண்ணெண்ணெய்க் கார்.

யுத்தகாலத்தில் பெற்றோல் இல்லாதிருந்தபோது யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிடுவது. கறுப்புப் புகையும் ஒரு மணமும் வரும். அந்த வயதில் எனக்கு உலகத்தின் மணமே அதுதான். இதைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தின்படி இதை முதன்முதலில் செய்தவர்கள் கிட்டத்தட்ட ஒரு பஸ் நிறைய இருந்தார்கள். உரும்பிராய் மாமா ஒருவர் முதல் மனிதர். சாவகச்சேரிப் பெரியப்பா ஒருவர் முதல் மனிதர். ஒருவர் காரே வைத்திருக்கவில்லை, ஆனாலும் முதல் மனிதர். ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு கல்வெட்டுச் சான்று.

டொக்டர் ஒரே இருப்பில் அத்தனை முதல் மனிதரையும் இறக்கிவிட்டார். கனடா, லண்டன், பாரிஸ் எங்கும் மருமக்கள் கொதித்தார்கள். அவர் அசையவில்லை. ஆனால் ஒரே ஒருவரை மட்டும் விட்டுவைத்தார். வலிகாமம் வடக்கில் தபாலதிபராக இருந்த ஒருவர், தபால் வண்டிக்கு எண்ணெய் இல்லாத காலத்தில் தன் ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில் ஓட்டிக் கரையோர ஊர்களுக்குக் கடிதப் பை கொண்டுபோனார், இம்முறையைக் கண்டுபிடித்தவர் அவரே, என்ற வரி. அதற்கும் சான்று கல்வெட்டுத்தான். பேச்சுப் பக்கத்தில் டொக்டர் ஒரு குறிப்புப் போட்டிருந்தார்: "இவர் என் தந்தை. இந்த வரியில் நான் கைவைப்பது முறையல்ல. வேறு யாராவது பாருங்கள்."

ஒருவரும் பார்க்கவில்லை. யார் பார்ப்பது? எல்லோருக்கும் பல் இருக்கிறது.

சில மாதம் கழித்துச் சோளகன் பார்த்தார். "இது பொய். அந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓடவைத்தது என் தந்தை," என்று எழுதினார். படகு எஞ்சின்கள் அதற்கு முன்பே மண்ணெண்ணெயில்தான் ஓடின, அந்த வேலை தெரிந்தவர்கள் கடற்கரையில்தான் இருந்தார்கள், தபாலதிபர் தன் தந்தையைக் கூப்பிட்டு அனுப்பினார் என்பது அவருடைய வாதம். சான்று என்ற இடத்தில் அவர் எழுதியிருந்ததை நான் இரண்டுதரம் வாசித்தேன். "என் தந்தை கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அம்மா இன்றும் அந்தியேட்டி செய்ய விடவில்லை. ஆகவே கல்வெட்டு இல்லை."

களஞ்சியத்தில் இடம்பிடிக்க வேண்டுமென்றால் ஒழுங்காகக் கட்டிலில் செத்திருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்று மாலையே டொக்டர் தொலைபேசி எடுத்தார். "உதுக்கு நீங்கள் நடுவராய் இருக்க வேணும்."

"நானோ? டொக்டர், எனக்கு இரத்த அழுத்தம் இருக்கு."

"எப்ப தொடக்கம்?"

"இப்ப தொடக்கம்."

"இரண்டு பேருக்கும் பொதுவான ஆள் நீங்கள் ஒருத்தர்தான். இரண்டு பேரோடையும் சண்டை பிடிச்சிருக்கிறியள்," என்றுவிட்டு வைத்துவிட்டார்.

செய்தி எப்படிப் போனதோ, அடுத்த நாள் லண்டனிலிருந்து அவருடைய தமையனார் கூப்பிட்டார். கல்வெட்டை அடித்தவர் அவர்தான்.

"தம்பி, நீர் ஆர்? எங்கடை அப்பாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உமக்கு என்ன தகுதி இருக்கு?"

"கனரக வாகனமும் பழக்குவன், ஐயா," என்றேன். பதற்றத்தில் வந்த பதில். அவர் சொன்ன மறுமொழியை அச்சில் போட முடியாது. ஆகவே களஞ்சியத்திலும் போட முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோயாளிகள் இல்லாத நேரத்தில், டொக்டரின் பல் வைத்திய நிலையத்துக் காத்திருக்கும் அறையில் மூவரும் கூடினோம். அவர் ஒரு பக்கம் மடிக்கணினியோடு, சோளகன் மறுபக்கம் கைப்பேசியோடு. நடுவில் நான், கால் தரையை மிதித்தபடி. டொக்டர் நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கினார்.

"உங்களுக்கு ஒண்டு விளங்க வேணும், அண்ணை," என்றார் என்னிடம். "எங்கடை வீட்டை இடிச்சுப்போட்டாங்கள். அது நிண்ட நிலம் எது எண்டே இப்ப தெரியாது. தபாற்கந்தோர் இல்லை. கார் இல்லை. படம் ஒண்டும் மிஞ்சேல்லை. அப்பாவுக்கு எண்டு இந்த உலகத்திலை மிச்சம் இருக்கிறது உந்த ஒரு வரிதான். தெரிஞ்சுகொண்டு நடுவர் வேலையைச் செய்யுங்கோ."

இதைவிடப் பல்லைப் பிடுங்கியிருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரே நடுவர் வேலை அவரிடம் பார்த்தது. ஒருவர் மற்றவரின் நியாயத்தை எழுதுங்கோ என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

சோளகன் கனநேரம் எடுக்கவில்லை. "அந்தக் காலத்தில் எங்கள் கரைக்கு வேறு வாகனம் வராது," என்று தொடங்கியிருந்தார். "தபாலதிபரின் கார் ஒழுங்கை முனையில் திரும்பும்போதே புகை மணக்கும். பெண்கள் படலைக்கு வந்துவிடுவார்கள். கடிதம் இல்லாத வீட்டுக்கும் அவர் காரை நிறுத்தி, இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போவார்." டொக்டர் வாசித்தார். "ஓம்," என்றார். "இதைத்தான் நான் சொல்லுறன்." பிறகு, "நிப்பாட்டிச் சொல்லிப்போட்டுப் போறவர் எண்டு எனக்குத் தெரியாது," என்றார்.

அடுத்தது அவருடைய முறை. எழுதித் திரையைத் திருப்பிக் காட்டினார். "மீனவர் ஒருவர் இதற்கு உதவினார் என்றும் கூறப்படுகிறது."

"ஆர் கூறினது, டொக்டர்?" என்றார் சோளகன். "எங்கடை ஐயா 'மீனவர் ஒருவர்' இல்லை."

அழித்துவிட்டு மறுபடி எழுதினார். "படகு இயந்திர வல்லுநர் தொழில்நுட்ப ஆலோசனை வழங்கினார்."

"ஐயா ஒருத்தருக்கும் ஆலோசனை வழங்கேல்லை. ஆரும் ஆலோசனை கேட்டால் 'அங்காலை தள்ளு' எண்டுதான் சொல்லுவார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. டொக்டருக்கு வரவில்லை. ஊருக்கெல்லாம் இந்த வேலையைக் கொடுத்தவர் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். வெளியே ஓட்டோ ஒன்று வந்து, ஆளை இறக்கி, மிச்சக் காசுக்கு வாய்த்தர்க்கப்பட்டு, போயும்விட்டது. "ஏலாது எண்டால் விடுவம்," என்றேன் நான். அவர் கையால் என்னைப் பொறுக்கச் சொன்னார். பிறகு நிறுத்தாமல் எழுதினார். எழுதி முடித்துத் தான் வாசிக்காமல் என்னிடம் தள்ளினார். நான் சத்தமாக வாசித்தேன்.

"அவர் பின்னேரம் சைக்கிளில் வந்தார். எஞ்சின் சாமான்கள் உரப்பையில் இருந்தன. பொனற்றைத் திறந்தது அவர். விளக்குப் பிடித்தது அப்பா. எப்போது மண்ணெண்ணெய்க்குத் திருப்பவேண்டும் என்று அவர் காட்டிக்கொடுக்க, அப்பா திரும்பத் திரும்பப் பிழை விட்டார். அவர் சிரித்தார். கடைசியில் கார் படலையைத் தாண்டிப் போனபோது அயலவர்கள் அப்பாவுக்குக் கை தட்டினார்கள். அவர் முற்றத்தில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தோம். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. அவரைப் போன்றவர்களுக்கென்று வேலியோரத்தில் கவிழ்த்து வைத்திருந்த தகரப் பேணியில் கொடுத்தோம். கொண்டுபோய்க் கொடுத்தது நான்."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

"ஓம்," என்றார் சோளகன். "இதைத்தான் நான் சொல்லுறன். ஆனால் எனக்கு உவ்வளவு தெரியாது, டொக்டர். கூப்பிட்டவை, போய்க் காருக்குக் கை வைச்சவர் எண்டுமட்டும்தான் அம்மா சொன்னவ." பிறகு கேட்டார்: "ஆள் எப்பிடி இருந்தவர்? எனக்கு முகம் ஞாபகம் இல்லை. வீட்டிலை படமும் இல்லை."

"பொனற்றுக்குள்ளை குனிஞ்சு நிண்டவர். முகம் எனக்கும் ஞாபகம் இல்லை. உடுப்பும் ஞாபகம் இல்லை. தெரியாததை நான் சொல்லமாட்டன்."

சோளகன் தலையாட்டினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நடுவர் என்று ஒருவன் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நானும் அதை மறந்திருந்தேன்.

"சொல்லுங்கோ, நடுவர்," என்றார் டொக்டர். "இதைப் பக்கத்திலை போடலாமோ?"

"அது... நீங்கள் கண்டது..."

"கண்டதைப் போடலாமோ?"

"அச்சிலை வந்திருக்க வேணும்," என்றேன். சொன்னது அவர் ஐஸ்கிரீம் கடையில் வைத்து அந்த மனிதரிடம் கேட்டதுதான். ஆனால் என் வாயிலிருந்து வந்தபோது களவாடிய பொருள்போல இருந்தது.

"சரி. அப்ப அப்பான்ரை வரி? அதுக்குச் சான்று கல்வெட்டு."

எனக்கு விறைப்பூசி தேவைப்பட்டது.

"பாயசம்," என்று அவரே சொன்னார். "எடுங்கோ."

அப்போதுதான் அது நடந்தது. "எடுக்கக் கூடாது!" என்று சோளகன் எழும்பினார். "டொக்டர், எங்கடை ஐயா பக்கத்துக்கு வாறதுக்கு உங்கடை அப்பா ஏன் போக வேணும்? ஒழுங்கையிலை காரை நிப்பாட்டிச் சொல்லிப்போட்டுப் போன மனுசன். இருக்கட்டும்."

"அவர் கண்டுபிடிக்கேல்லை. அது பொய்."

"பொய்யெண்டால் என்ன? காரை ஓட்டினவர்தானே!"

"ஓட்டினதை எழுதலாம். கண்டுபிடிச்சதை எழுதேலாது."

"எழுதலாம்!"

ஒருவரின் நியாயத்தை மற்றவர் எழுதினால் சண்டை ஓயும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். இருவரும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டு முன்னிலும் பலமாக அடிபட்டார்கள். தன் தகப்பனை நீக்கச் சொல்லி ஒருவர், எதிராளியின் தகப்பனை நீக்காதே என்று மற்றவர். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். இருவருக்கும் அந்த வரியைத் தொடும் உரிமை இல்லை. எனக்கு மட்டும்தான் இருந்தது. சந்தியில் பழகுநர் ஸ்ரேறிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்தினால் பக்கத்தில் இருப்பவன் திருப்பத்தான் வேண்டும். நான் மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன். வரியை நீக்கினேன். "முதலில் செய்தவர் யார் என்று உறுதியாகத் தெரியவில்லை" என்று எழுதினேன். விரல் தவறி 'சேமி' என்பதற்குப் பதிலாக முதலில் 'உதவி'யை அழுத்திவிட்டேன். உதவி ஒன்றும் வரவில்லை. பிறகு சேமித்தேன்.

டொக்டர் குனிந்து அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஒரு வரி குறைந்த பக்கம். பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை.

"வடிவாய்ச் செய்திருக்கிறியள்," என்றார். எழுந்து உள்ளே போனார். நோயாளிகள் வாய் கொப்பளிக்கும் தொட்டியில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. அது நெடுநேரம் ஓடியது. சோளகன் சுவரில் ஒட்டியிருந்த பல் துலக்கும் முறையைப் படம் படமாக வாசித்தார். நானும் வாசித்தேன்.

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். சோளகனிடம் கேட்டார்: "அம்மா இப்ப வீட்டிலையோ?"

"ஓம். ஏன்?"

"களஞ்சியத்திலை போடேலாது எண்டால் என்ன. ஆளுக்குச் சொல்லலாம்தானே."

என் காரில் போனோம். பழகுநர் பலகை மாட்டிய காரில் போகும் நடுவர் குழு. வல்வெட்டித்துறையில், கடையோடு ஒட்டிய வீட்டு முன்னறையில், சோளகனின் தாயார் நாற்காலியில் இருந்தார். வயது போன மனுசி. நெற்றியில் குங்குமம் இருந்தது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

டொக்டர் அவர் பக்கத்தில், நிலத்தில் இருந்துகொண்டார். இன்னாரின் மகள் என்று சொன்னார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சைக்கிள், உரப்பை, விளக்கு, சிரிப்பு, கைதட்டு. பேணியையும் விடவில்லை. தாயார் இடையில் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "சீனி காணப் போட்டனீங்களோ? அவருக்குச் சீனி கூட வேணும்."

"போட்டது, அம்மா."

யார் முதலில் கண்டுபிடித்தது என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. டொக்டரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அண்டைக்கு என்ன சேட்டுப் போட்டிருந்தவர், பிள்ளை?"

சோளகன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கால் மிதிக்க ஆயத்தமாக இருந்தது.

"நீலச் சேட்டு, அம்மா," என்றார் டொக்டர். "கோடு போட்டது. கையை முழங்கைமட்டும் மடிச்சு விட்டிருந்தவர்."

தாயார் கண்ணை மூடிக்கொண்டார். "ஓம்," என்றார். "மடிச்சுத்தான் விடுவார்."

திரும்பி வரும்போது டொக்டர் முன் ஆசனத்தில் இருந்தார். கடற்கரை முடிந்து பனைகள் தொடங்கும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"டொக்டர், அந்தச் சேட்டு..."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கோ," என்றார்.

பார்த்து ஓட்டினேன்.